மூலையில் இருந்த அம்மா

நாய் முதலில் குரைத்தது. அதற்குப் பிறகு அதன் எஜமானர் குரைத்தார்.

"கேட்டுல கை வச்சது யாரு?"

ரேடியோ சட்டென்று கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் காது சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட ரேடியோவே இப்போது வாயடைத்து நின்றது. கேட்டுக்கு உள்ளே நின்ற நாய் கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. சங்கிலியைப் பிடித்திருந்த பெரியவர் அந்த நாயையே அடக்கி வைக்கிற ஆளாக இருந்தார்.

"நான்தாங்க வச்சேன்," என்றாள் ஊசி.

சுத்தப் பொய். ஆனால் தன்னிடம் வேலை செய்கிறவன் தன்னைத் தவிர வேறு யாரிடமும் திட்டு வாங்கக் கூடாது என்பது அவள் கொள்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் போடுகிறவர்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, மேலதிகாரியின் மைத்துனனையே ஒருநாள் கண்டுபிடித்து, வேலையை விட்டு வந்தவள். இப்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு, சொந்தமாகத் துப்பறிகிறாள். ஒல்லியான, உயரமான ஆள். கேட்கிற கேள்வி சுருக்கென்று ஏறும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"நீதான் அந்தத் துப்பு துலக்கற பொம்பளையா?"

"ஆமாங்க."

"இவன்?"

"அசிஸ்டென்ட்."

"பாத்தா துணி துவைக்கக்கூட ஆகாது போலிருக்கு."

"அதுக்கு வீட்ல மெஷின் இருக்குங்க," என்று ரேடியோ வாயைத் திறந்தான். நாயும் வாயைத் திறந்தது. அவன் மூடிக்கொண்டான்.

பெரியவரின் கண்கள் அவர்களைத் தாண்டி, பின்னால் நின்ற பெண்ணின் மேல் போய் நின்றன. நகரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். இவருடைய சொந்தத் தம்பி மகள். அவளைப் பார்த்ததும் பெரியவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வணக்கம், பெரியப்பா," என்றாள் அவள்.

அவர் தரையில் துப்பினார்.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா முந்தாநாள் இறந்துபோனார். உடல் ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருக்கிறது. கடைசியாக அவர் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை உங்கம்மா பக்கத்துல போடு." அம்மா அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். இந்தப் பண்ணையில், இந்தக் குடும்பத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் என்று மகள் சொல்கிறாள். அப்படி ஒருத்தியை இந்த மண்ணில் புதைக்கவே இல்லை என்று பெரியப்பா சாதிக்கிறார். குடும்பக் கல்லறையில் யாரைப் புதைப்பது என்பது நிலத்துக்காரர் விருப்பம். ஆனால் பெண்டாட்டி ஏற்கனவே அங்கே இருந்தால் புருஷனை யாரும் தடுக்க முடியாது. அந்த வட்டாரத்தில் விதி அப்படி. மதியம் கிராம அதிகாரி வருவார். அதற்குள் அம்மாவைக் கண்டுபிடித்துக் காட்டினால் அப்பாவுக்கு இடம். இல்லாவிட்டால் நகரசபை மயானத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் ஒரு நம்பர் பலகையோடு அவர் கிடக்க வேண்டியதுதான்.

"அதிகாரி போன்ல சொன்னாரேன்னு உள்ள விடறேன்," என்றார் பெரியவர். "பாத்துட்டு நடையக் கட்டுங்க. தண்ணி கிண்ணின்னு வீட்டுப் பக்கம் வந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

தண்ணீர் கேட்காமலேயே வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசியது. ரேடியோவின் ஷூவுக்கு அரை அடி முன்னால் அது விழுந்தது. ஜன்னலில் பெரியம்மாவின் முகம் ஒரு வினாடி தெரிந்து மறைந்தது. மன்னிப்பு கேட்கிற முகமாக அது இல்லை. குறி தப்பிய வருத்தம் மட்டும்தான் அதில் இருந்தது.

"அடுத்த தடவை சோப்பையும் சேர்த்துப் போடுங்கம்மா, பாலிஷ் மிச்சம்," என்று ரேடியோ முணுமுணுத்தான்.

"டேய், சவுண்டைக் கொற," என்றாள் ஊசி.

மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, ஒரு மேட்டின் மேல் இருந்தது கல்லறைத் தோட்டம். சிமென்ட் பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய இடுப்புயரச் சுவர். சின்ன இரும்புக் கதவு. ரேடியோ புதரும் பாம்பும் இருக்குமென்று நினைத்துப் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகியிருந்தான். உள்ளே போனதும் அசந்துவிட்டான். புல்லை ஒரே மட்டத்துக்கு வெட்டியிருந்தார்கள். கற்களைத் தேய்த்துக் கழுவி, எழுத்துகளுக்குள் கறுப்பு மை ஏற்றியிருந்தார்கள். சருகு ஒன்றுகூடக் கிடக்கவில்லை.

"யாரு இதையெல்லாம் பாத்துக்கறது?" என்றாள் ஊசி.

"நான்தான். பின்ன இவ அப்பனா வந்து பாத்தான்?"

மருந்துக்கடைப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊசி அவள் தோளைத் தொட்டாள். "நீங்க எங்ககிட்ட சொன்னதை இங்க நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னைச் சுவர் மேல உக்கார வச்சிருந்தாங்க. மூலையில. சாயங்கால வெயில் முகத்துல அடிச்சுது. கீழ தூரத்துல ஓடைத் தண்ணி மினுங்கிச்சு. நான் காலை ஆட்டிக்கிட்டே இருந்தேன். 'ஆட்டாதம்மா, அம்மா கல்லுல படும்'னு அப்பா காலைப் பிடிச்சுக்கிட்டார்." அவள் சுற்றிலும் பார்த்தாள். "அவ்வளவுதான் ஞாபகம். ஆனா அது சத்தியமா நடந்துச்சு."

சாயங்கால வெயில் என்றால் மேற்கு. ஓடை என்றால் அதே பக்கத்துச் சரிவு. எல்லோரும் மேற்கு மூலைக்குப் போனார்கள். அங்கே சுவரை ஒட்டி ஒரு கல் இருக்கத்தான் செய்தது. பார்த்ததும் மருந்துக்கடைப் பெண் ஓடினாள். படித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் திட்டுவதே தேவலாம்.

"இவர் எங்க தாத்தாவோட சித்தப்பா. கல்யாணமே பண்ணிக்காத மனுஷன். இம்மாம்பெரிய மீசை. இவரா உங்கம்மா?"

ஊசி மண்டியிட்டுக் கல்லின் அடியைப் பார்த்தாள். ஒருவேளை அம்மாவின் கல்லைப் பிடுங்கிவிட்டு இதை நட்டிருப்பார்களோ என்று அவள் சந்தேகம். விரலால் மண்ணைத் தடவினாள். பக்கத்து மரத்தின் வேர் ஒன்று கல்லைக் கட்டிப்பிடித்து வளர்ந்திருந்தது. பல காலமாக நகராத கல். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"சரிதாங்க. இவர் இடத்துலதான் இவர் இருக்கார்."

"அப்ப கிளம்புங்க."

"வேற கல் இல்லாத இடம் எவ்வளவோ இருக்கே. கல்லை எடுத்துட்டா ஆள் இல்லேன்னு ஆயிடுமா?"

"எங்க? சொல்லு, எங்க?" பெரியவருக்கு ஏறிவிட்டது. நாயைக் கதவில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். "இங்கயா?" வெற்றுப் புல்லின் மேல் பூட்ஸ் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். "இங்கயா? இதோ இங்கயா? நல்லாப் பாத்துக்க! இங்க இருக்காளா?" வரிசைக்கு வரிசை, இண்டு இடுக்கு விடாமல், கல் இல்லாத இடம் ஒவ்வொன்றையும் மிதித்துக் காட்டினார். மருந்துக்கடைப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த ரேடியோவுக்கே பொறுக்கவில்லை. எழுபதை நெருங்குகிற மனிதர், தம்பி இறந்து பாடைகூடக் கட்டாத நேரத்தில் இப்படி ஆடுவாரா!

ஊசி மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர் மூச்சு வாங்க.

"முடிஞ்சுதுங்க. ரொம்ப நன்றி."

"எதுக்கு நன்றி?"

"எங்க வேலையைச் சுலபமாக்கினீங்களே, அதுக்கு."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் போனார். ரேடியோ அவள் காதோரம் போனான். "என்னக்கா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? மனுஷன் மிதி மிதின்னு மிதிக்கறார், நீங்க தேங்க்ஸ் சொல்றீங்க."

"அவர் எங்கெல்லாம் மிதிச்சார்?"

"எங்க மிதிக்கல?"

"கல் இருக்கற இடத்துல மிதிக்கல. அவ்வளவு கோபத்துலயும் ஒரு கல்லறைமேலகூடக் கால் படல. குறுக்க தாண்டினா ரெண்டு எட்டு, ஆனா ஒவ்வொண்ணையும் தலைப்பக்கமா சுத்திதான் போனார். அது யோசிச்சு செய்யறது இல்ல. கால் தானா போகுது. அப்படிப்பட்டவர் மிதிச்ச இடத்துல ஆள் இருக்க முடியாது."

"அப்படின்னா சுவருக்குள்ள எல்லா இடத்தையும் மிதிச்சுட்டாரே."

"ஆமா."

மருந்துக்கடைப் பெண் இதைக் கேட்டுவிட்டாள். "அப்ப அம்மா இங்க இல்லையா? நான் பாத்தது கனவா?"

ஊசி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது ரேடியோவுக்குப் பிடிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நேரம் முடிஞ்சுது. நான் நாயை அவுக்கறேன்."

சொன்னபடியே அவிழ்த்தார். நல்ல மனுஷன், சொன்ன சொல் தவறாதவர்! நாய் நேராக ரேடியோவைக் குறிவைத்தது. ஏன் அவனை மட்டும் என்று கேட்டால், மற்ற இரண்டு பேரும் ஓடவில்லை, இவன் ஓடினான். மூலைச் சுவர்தான் கிட்டத்தில் இருந்தது. எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஏறி, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு, மீசைக்காரச் சித்தப்பாவின் கல்லுக்கு மேலே அந்தரத்தில் உட்கார்ந்திருந்தான். நாய் கீழே நின்று அவன் ஷூவைத் தன் சொத்தைப் போலப் பார்த்தது.

"அக்கா, நான் இனிமே இங்கயே குடியிருந்துக்கறேன். சம்பளத்தை இங்க அனுப்பிடுங்க."

"ஓடை தெரியுதா?" என்றாள் ஊசி.

"என்னது?"

"அங்கேருந்து ஓடை தெரியுதான்னு கேட்டேன்."

ரேடியோ திரும்பிப் பார்த்தான். "ஓடையும் இல்ல ஒண்ணும் இல்ல. மேடுதான் மறைக்குது. வயலு தெரியுது. இப்பதான் உழுதிருக்காங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் சிரித்தான். "நம்ம பெரியவர் டிராக்டர்லயே தூங்கிட்டாரு போலக்கா. எல்லா உழவுச் சாலும் கோடு போட்ட மாதிரி வருது, இங்க மட்டும் வயிறு தள்ளின மாதிரி வளைஞ்சு சுத்திப் போவுது."

"எதைச் சுத்தி?"

"எதையும் இல்ல. மரமும் இல்ல, கல்லும் இல்ல. சும்மா புல்லு."

ஊசி சுவரருகே வந்தாள். நாயைச் சட்டை செய்யவில்லை. அதுவும் இவளைச் சட்டை செய்யவில்லை. "உன் கையைக் காட்டு."

ரேடியோ காட்டினான். உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பாசி.

"சுவர்ல மத்த மூணு பக்கமும் பாசி வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கு. இந்தப் பக்கம் பாரு. ஒரு கல்லுக்கு மேல, ஒரு கல்லுக்குக் கீழ, ஒண்ணுக்குப் பாசி படிஞ்ச முகமே உள்ள போயிடுச்சு. எவனோ அவசரத்துல பிரிச்சு, எடுத்து வந்து, திருப்பி அடுக்கியிருக்கான்." அவள் மீசைக்காரரின் கல்லையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதோட இவரைப் பாரு. மத்த கல்லுக்கெல்லாம் முன்னாடி நாலு பேர் நின்னு தலை குனிய இடம் விட்டிருக்காங்க. இவருக்கு மட்டும் சுவர் கால்ல இடிக்குது. அந்தக் காலத்துல அப்படியா புதைப்பாங்க?"

ரேடியோவின் மண்டையில் மெல்ல மெல்ல விளக்கு எரிந்தது. "அப்ப நாம கல்லு எங்கேன்னு தேடிக்கிட்டிருந்தோம்..."

"மூலையையே நகர்த்திட்டாங்க," என்றாள் ஊசி.

வெளியே பட்பட்டென்று ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கிராம அதிகாரி இறங்கினார். பெரியவர் நாயைப் பிடித்து மறுபடி கதவில் கட்டியதும் ரேடியோ சுவரிலிருந்து இறங்கினான். அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே மணியைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்கிற கடுப்பு அவர் நடையிலேயே தெரிந்தது.

"என்னங்க, கல் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தை."

"உள்ள இல்லீங்க," என்றாள் ஊசி.

"இல்லேன்னு அவங்களே சொல்லிட்டாங்க, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் பெரியவர்.

"சுவருக்கு வெளிய இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க சார்."

எல்லோரும் சுவரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். புதிதாக உழுத ஈர மண்ணில் கால் புதைந்தது. மூலையிலிருந்து சில எட்டுகள் தள்ளி, சால்கள் வளைந்து ஒதுங்கிய இடம் தெரிந்தது. மருந்துக்கடைப் பெண் அதன் ஓரத்துக்கு வந்ததும் நின்று கையை நீட்டினாள். மேடு இறங்குகிற இடத்துக்கு அப்பால் ஓடைத் தண்ணீர் வெயிலில் மின்னியது.

"இதுதான்," என்றாள். "இதேதான்!"

"தண்ணி தெரிஞ்சா கல்லறையா?" பெரியவர் கத்தினார். "அடியில பாறை இருக்கு. கலப்பை உடையும். அதான் ஒதுக்கி ஓட்டறேன். என் நிலம், நான் வளைச்சு ஓட்டுவேன், வட்டம் போட்டு ஓட்டுவேன், உனக்கென்ன?"

அதிகாரி தாடையைத் தடவினார். "பாறை இருக்கறது இந்தப் பக்கம் சகஜம்தாங்க."

"உழாத நிலத்துல களை இடுப்பளவு நிக்கணும் சார்," என்றாள் ஊசி. "இங்க புல்லை மட்டமா வெட்டியிருக்கு, உள்ள இருக்கற மாதிரியே. பாறைக்கு யாராவது முடி வெட்டி விடுவாங்களா?"

"மாடு மேஞ்சிருக்கும்."

"மாடு மூலை முடுக்கெல்லாம் சதுரமா மேயுமாங்க?" என்றான் ரேடியோ.

"டேய், உன்னை!" பெரியவர் கையை ஓங்கினார். அதிகாரி நடுவில் புகுந்தார். அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "இதோ பாருங்கம்மா, புல்லு, பாசி, ஓடை, இதையெல்லாம் வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ஆள் இருக்காங்கன்னு உறுதியாத் தெரியணும்."

"பாறையான்னு பாத்துட்டாப் போச்சு. ரேடியோ, கொட்டகையில கடப்பாரை சாத்தியிருந்துச்சு. எடுத்துட்டு வா."

ரேடியோ ஓடினான். கொட்டகை இருட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்த எதிலோ முழங்கால் இடித்து, உயிர் போகிற மாதிரி வலித்தது. கடப்பாரையோடு நொண்டிக்கொண்டே வெளியே வந்தால், "திருட்டுப் பயலே!" என்று ஜன்னலிலிருந்து பெரியம்மா. இந்த முறை குறி தப்பவில்லை. தலையிலிருந்து கழுநீர் சொட்டச் சொட்ட வந்து கடப்பாரையை நீட்டினான்.

ஊசி அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"பாறைன்னா டங்குன்னு கேட்கும். நான் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன். மண்ணுன்னா இறங்கும்." புல்லில் சுவர்ப் பக்கமாகக் கூர்முனையை ஓங்கினாள். மருந்துக்கடைப் பெண் "அக்கா, வேண்டாம்!" என்று பதறினாள். அந்தக் குரலை அமுக்கிக்கொண்டு வேறொரு அலறல் எழுந்தது.

"தலைமாட்டுல குத்தாத!"

பெரியவர் பாய்ந்து வந்து கடப்பாரையைப் பிடித்திருந்தார். அவ்வளவு அவசரத்திலும் புல்லைச் சுற்றிக்கொண்டு, உழுத மண்ணில் தடுமாறி விழுந்து எழுந்துதான் வந்திருந்தார். பூட்ஸெல்லாம் சேறு.

"பாறைக்கு ஏதுங்க தலைமாடு?" என்றாள் ஊசி மெதுவாக.

அவள் கடப்பாரையைக் கீழே வைத்தாள். நிச்சயமாகக் குத்தியிருக்க மாட்டாள் என்று ரேடியோவுக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. அதை நம்பித்தான் அவள் ஓங்கினாள்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அடையாளத்துக்குக் கல் ஏதாவது?"

"கொட்டகையில இருக்கு," என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். "சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

"என் முட்டி பேந்தது அதுலதானா?" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை.

"ஆமா, இருக்கா!" பெரியவர் தம்பி மகள் பக்கம் திரும்பினார். குரலில் பழைய சூடு அப்படியே இருந்தது. "எங்கப்பா உயிரோட இருந்த வரைக்கும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அவர் போனதும் நான்தான் சுவரைப் பிரிச்சு உள்ள தள்ளிக் கட்டினேன். அவ எங்க குடும்பம் இல்ல. நானும் உங்கப்பனும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. அவ வந்ததும் இவன் வண்டியேறிப் போயிட்டான். அவ செத்ததும் கொண்டுவந்து இங்க போட்டுட்டுத் திரும்பவும் போயிட்டான். ஒருநாள், ஒரே ஒருநாள் வந்து பாத்தானா? புல்லு வெட்டினது யாரு? நான்! கடைசியா அவன் படுத்துக் கிடந்தப்பவாவது ஒரு வார்த்தை சொன்னியா நீ? ஓடி வந்திருக்க மாட்டேனா? உசுரு போனப்புறம் போன் பண்ணி இடம் கேக்கறே! அண்ணன்காரனுக்குப் பொணம் மட்டும் போதுமா?"

"அப்பா வந்தார்," என்றாள் அவள்.

"பொய்."

"வந்தார், பெரியப்பா. நீங்க இல்லாத நேரம் பாத்து. நான் ஸ்கூல் படிக்கறப்ப." அவள் ஊசியைப் பார்த்தாள். "இதை உங்ககிட்ட மறைச்சுட்டேன். சொன்னா கேஸை எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன். அவர் சுவருக்குள்ள முழுக்கத் தேடியிருக்கார். கல் இல்ல. 'எங்கண்ணன் அவளைத் தோண்டி எறிஞ்சுட்டான்'னு சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதார். அதுக்கப்புறம் உங்க பேரையே எடுக்கல. படுத்துக் கிடந்தப்ப நான் உங்களைக் கூப்பிடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். எங்க இருக்கான்னு தெரியாட்டியும் பரவாயில்ல, அவ எலும்பு ஒண்ணாவது அந்த மண்ணுல இருக்கும், அங்கயே கொண்டுபோய்ப் போடுன்னார்."

பெரியவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தன் கையால் பிரித்து, தன் கையால் அடுக்கிய சுவர். தம்பி இதற்கு அந்தப் பக்கம் நின்று தேடியிருக்கிறான். எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ரேடியோவுக்கு அந்த மனிதரை அதுவரை கண்டாலே ஆகாது. இப்போது அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஊசி புல்லின் ஓரமாக நடந்து அகலத்தை அளப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோணத்தில் அவளும் இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? அவங்க இந்தச் சுவர்ப் பக்கமா இருக்காங்க. ஒருத்தருக்கு இது ரொம்ப ஜாஸ்தி இடம். இந்தப் பக்கம் இன்னொருத்தர் தாராளமாப் படுக்கலாம். இதை எதுக்கு விட்டு உழுதீங்க?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ."

"இதுதாங்க என் வேலை."

அவர் அந்தப் புல்லைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சண்டை போடுகிற மாதிரியே சொன்னார். "அவன் இடம் அது. வேற எங்க போவான்? எப்படியும் ஒருநாள் இங்கதான் வருவான்னு விட்டு வச்சேன். வருஷா வருஷம் திட்டிக்கிட்டேதான் சுத்தி ஓட்டினேன்."

அதிகாரி காகிதத்தை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டைப் பற்றி இப்போது பேசவில்லை.

பெரியவர் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தார். காலியாக இருந்த பக்கத்தில் போய் நின்று, சட்டைக் கையை மடித்தார்.

"கூலி ஆளுங்க யாரும் குழி வெட்ட வேண்டாம். கோணல் மாணலா வெட்டுவானுங்க. நான் வெட்டறேன்." தம்பி மகளை நேருக்கு நேர் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, பார்வை மட்டும் இறங்கவில்லை. "நான் உங்கம்மாவை மன்னிக்கல. தெரிஞ்சுக்க. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அவனைக் கொண்டா."

மருந்துக்கடைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கல, பெரியப்பா," என்றாள். "ஆனா கொண்டு வர்றேன்."

அவர் தலையாட்டிவிட்டு, தம்பிக்காகக் கடப்பாரையை மண்ணில் இறக்கினார்.